ஏழாம் பாட்டின் இரைச்சல்

எடையளவு ஆய்வாளராய் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்ற வாகீசத்தை ஊரார் கடுமையானவர் என்றதுண்டு, கல்நெஞ்சர் என்றதுண்டு, தராசுத் தட்டில் ஈ உட்கார்ந்தாலும் எழுதிக்கொள்வார் என்று கடைத்தெரு நகைத்ததுண்டு. பொய்யர் என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. அந்தச் சொல் அவரது எழுபத்துமூன்றாம் வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், படியேறி வந்து அழைப்புமணியை அழுத்தியது.

வந்தவள் தர்ஷினி. ஆறு வாரங்களுக்கு முன் அவருடைய பழைய காரை வாங்கிச் சென்றவள். துறைமுகத்தில் வானிலைப் பிரிவில் வேலை. வணக்கம் சொல்லவில்லை, உள்ளே வரவும் இல்லை.

“ஐயா, எஞ்சின் உறுமுது. தெரிஞ்சே வித்திருக்கீங்க.”

“பதினோரு வருஷம் நான் ஓட்டின வண்டிம்மா. ஒரு நாள் கூட உறுமினதில்ல.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“நான் அப்படிச் சொல்லலியே.”

“நான் பொய் சொல்லலன்னா, அப்புறம் பொய் சொல்றது யாரு?”

வாகீசத்திற்கு முகம் சிவந்தது. பிறர் வைத்திருந்த படிக்கற்களின் அடியில் ஈயம் சுரண்டப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தே தேய்ந்த விரல்கள் அவருடையவை. இன்று தன்னையே ஒருத்தி தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கிறாள்.

“சத்தம் சின்னதா இருந்தா பொறுத்துக்குவேன்யா,” என்றாள் அவள், குரல் தாழ்ந்து. “என் பொண்ணு ஆதிரைக்குச் சத்தம் ஆகாது. மிக்ஸி போட்டாக்கூட சுவத்துல முட்டிக்குவா. பஸ்ஸு, ஆட்டோ, எதுலயும் ஏத்த முடியல. பள்ளிக்கூடம் நின்னு ஒரு வருஷமாச்சு. இந்த மாடலுக்குள்ள ஊசி விழுந்தா கேக்கும்னு சொன்னாங்க. எட்டு மாசம் தேடி உங்ககிட்ட வாங்கினேன். மூணாவது நாளே அந்த உறுமலக் கேட்டுட்டு, ஓடுற வண்டியில கதவத் திறக்கப் பாத்தா.”

அவள் சொன்னதில் மிகையில்லை. கரும்பு எரிபொருளில் ஓடும் வண்டிகள் அந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தன, எல்லாம் இரையும். இந்த ஓர் இனம் மட்டும் இரையாது. அதற்குள் ‘செவி’ என்று வழங்கப்பட்ட ஒரு கருவி இருந்து எஞ்சினின் ஒலியைக் கேட்டுக்கேட்டு அதை விழுங்கிக்கொண்டிருக்கும். செய்த கம்பெனி மூடி ஏழாண்டு ஆகிறது. இனி அப்படியொரு வண்டி பிறக்கப்போவதில்லை.

வாகீசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தும் துலங்காத கண்கள். அதனால்தான் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதனால்தான் விற்றார் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மனைவி தையல்நாயகி மறைந்தபின் எட்டு மாதம் அந்த வண்டியைக் கிளப்பவே இல்லை என்பதையும், அதன் இடப்பக்க இருக்கையைத் துணியால் மூடி வைத்திருந்தார் என்பதையும் யாரிடமும் சொல்லவில்லை.

“நாளைக்குக் காலையில ஹாஜிரா பட்டறைக்குக் கொண்டாம்மா. நானும் வர்றேன். குறை இருந்தா அது என் குறை. அது தீராம நான் விட மாட்டேன்.”

*

ஹாஜிராவின் பட்டறை புறவழிச்சாலையில் இருந்தது. ஐம்பதை எட்டாத வயது. கையில் எந்நேரமும் நீண்ட திருப்புளி. அதன் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பாள். கணினி வைத்துப் பார்க்கும் பட்டறைகள் கைவிட்ட வண்டிகளும் அவளிடம் வந்து சேர்வதுண்டு.

“வாங்கய்யா. உங்க வண்டியும் உங்கள மாதிரியே வெறைப்பா நிக்குது பாருங்க,” என்றாள். “போன வாரமே இந்தம்மா கொண்டாந்தாங்க. டேப்பட் பாத்தேன், இடைவெளி சரியா இருக்கு. பெல்ட்டு பழசு, மாத்தினேன். எஞ்சின் உக்காந்திருக்கிற ரப்பர் வெடிச்சிருந்துச்சு, அதையும் மாத்தினேன். சைலன்ஸர் கிளாம்ப முறுக்கினேன். உறுமல் மட்டும் அப்படியே இருக்கு.”

“இப்ப உறுமலியே?”

“நின்னா உறுமாது. அதுதான் எனக்கும் புரியல. எஞ்சின் உறுமலுக்கு நேரங்காலம் கிடையாதுங்கய்யா. சூடானா உறுமும், மேடு ஏறினா உறுமும். இது என்னடான்னா அம்பதுல நிதானமா ஓட ஆரம்பிச்சா, ஆறரை நிமிஷத்துல உறுமுது. ஒரு நிமிஷம் சொச்சத்துல தானா அடங்குது. பஸ் டைம் மாதிரி.”

மூவரும் கிளம்பினர். தர்ஷினி ஓட்டினாள்; ஹாஜிரா பின்னிருக்கையில் ஒரு சிறு அளவுகருவியுடன் அமர்ந்தாள். வாகீசத்திற்கு எஞ்சியது முன்னால் இடப்பக்க இருக்கை. பதினோரு ஆண்டுகளில் அவர் ஒருமுறையும் அமராத இடம். கதவைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார்.

“ஏறுங்கய்யா, ஏசி வீணாப் போவுது,” என்றாள் ஹாஜிரா.

ஏறினார். ரயில்வே கேட்டைக் கடந்ததும் சாலை நேராயிற்று. வாய்க்கால்களின் நீர் ஒளியும் நாற்றங்காலின் பசுமையும் அவருடைய மங்கிய கண்களுக்கு ஒன்றாய்க் கலந்தன. வண்டிக்குள் கருவறைக்கு நிகரான அமைதி. ‘கேட்டாயா? இதுதான் என் வண்டி’ என்று அவர் நெஞ்சுக்குள் நிமிர்ந்தார்.

அப்போது அது வந்தது. முழங்காலுக்கருகில், கதவின் வயிற்றிலிருந்து. தொலைவில் எங்கோ நீரிறைக்கும் இயந்திரத்தின் முனகலைப் போல எழுந்து, தாழ்ந்து, மீண்டும் எழுந்தது. தர்ஷினி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததே ஏச்சாக இருந்தது. வாகீசம் தலைகுனிந்தார். உறுமல் ஒரு நிமிடம் நீடித்து, சொல்லிவைத்தாற்போல் நின்றது.

“இதத்தான் ஒரு நாள் கூட உறுமினதில்லன்னு சொன்னீங்க,” என்றாள் தர்ஷினி.

ஹாஜிரா வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, பானெட்டைத் திறந்து, உருகிப்பெட்டியிலிருந்து ஒரு ஃப்யூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். “இப்ப ஓட்டுங்க.”

இம்முறை எஞ்சினின் இரைச்சல் முழுதும் உள்ளே கொட்டியது. ஏழு நிமிடம், எட்டு நிமிடம், பத்து நிமிடம். அந்த உறுமல் மட்டும் வரவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்! கெடச்சுது. எஞ்சின் மேல குத்தமே இல்ல. நான் புடுங்கினது செவியோட ஃப்யூஸு. சத்தத்த விழுங்க வேண்டியதே சத்தம் போடுது.”

“சொன்னேனே! என் வண்டியில கோளாறு இல்ல!” என்றார் வாகீசம். குரலில் இளமை திரும்பியிருந்தது.

“அவசரப்படாதீங்கய்யா. செவி சும்மா சத்தம் போடாது. யாராவது கத்துக்கொடுத்திருக்கணும்.”

*

சாலையோரத் தேநீர்க்கடையின் விசுப்பலகையில் அமர்ந்து ஹாஜிரா விளக்கினாள். கண்ணாடிக் குவளையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

“சத்தம்ங்கிறது அலை. அது ஏறும்போது இது எறங்கினா, ரெண்டும் சேந்து அமைதியாயிடும். செவி அதத்தான் செய்யுது. உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தர் காதைச் சுத்தியும் ஒரு முழத்துக்கு எதிர் அலைய விட்டுக்கிட்டே இருக்கும். ஆனா கேட்டப்புறம் விட்டா நேரமாயிடும் பாருங்க. அதனால தெனம் வர்ற சத்தத்த மனப்பாடம் பண்ணிக்கும். இன்ன நேரத்துல இன்னது வரும்னு முன்கூட்டியே தன் பங்க விட்டுடும். இங்க, ஆறரை நிமிஷத்துல, தெனம் ஏதோ ஒரு சத்தம் வந்திருக்கு. அத முழுங்கி முழுங்கிப் பழகியிருக்கு. இப்ப அந்தச் சத்தம் வர்றதில்ல. செவி மட்டும் தன் பங்க விடாம போடுது. தனியா வர்றதால உறுமலாக் கேக்குது.”

“அந்த நேரத்துல எந்தச் சத்தமும் கெடையாதும்மா. அது வெறும் அமைதி. எனக்கு நல்லாத் தெரியும்.”

“எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?”

அவர் தயங்கினார். பிறகு, கூறியது கூறலாகாது என்று எண்ணிப் பழகிய மனிதரின் சுருக்கத்தோடு சொன்னார். தினமும் விடியலில் மனைவியோடு ஆற்றுமுகத்துக் கோயிலுக்கு அந்த வண்டியில் போவது வழக்கம். ரயில்வே கேட் தாண்டியதும் பதிகம் ஒன்றைத் தொடங்குவார். ஓலையில் இருந்த நாளிலேயே அதன் ஏழாம் பாட்டைச் செல் தின்றுவிட்டது. அச்சிட்ட நூலில் அந்த இடத்தில், ‘ஏழாம் செய்யுள் சிதைந்து போயிற்று’ என்று ஒற்றை வரிதான் நிற்கும். எல்லோரும் ஆறிலிருந்து எட்டுக்குத் தாவிவிடுவார்கள். அவர் தாவுவதில்லை. செல்லரித்தது ஓலையை, பாட்டை இறைவன் என்றோ கேட்டுவிட்டான். ஆகவே ஒரு பாட்டின் கால அளவு வாய்மூடியிருந்து, அதன் பின்பே எட்டாம் பாட்டை எடுப்பார்.

“ஒரு பாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்றாள் ஹாஜிரா.

“ஒரு நிமிஷம், கொஞ்சம் கூட.”

சொல்லி முடிக்கும் முன்பே கணக்கு அவருக்கு விளங்கிவிட்டது. ஆறு பாட்டுக்கு ஆறரை நிமிடம். அதன் பின் ஒரு நிமிடம் சொச்சம். உறுமல் அமர்ந்திருந்த இடம் ஏழாம் பாட்டின் இடம்.

“அம்மா பாடுவாங்களா?” என்று தர்ஷினி கேட்டாள். முதன்முறையாக அவள் குரலில் கூர்மை இல்லை.

“இல்ல,” என்றார் வாகீசம். “பாடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன்.”

வண்டி வாங்கிய முதல் வாரம். ஏழாம் பாட்டின் இடத்தில் தையல்நாயகி மெல்லிய குரலில் எதையோ இழுக்கத் தொடங்கினாள். அவர் வெகுண்டார். “சாமி எடுத்துக்கிட்ட பாட்டு அது. அதுல கை வைக்காதே. வாய மூடிக்கிட்டு வா.” மறுநாளும் அந்த இழுவை கேட்டது. அதற்கடுத்த நாள் சற்றுக் குறைவாய். ஒரு வாரத்தில் ஒன்றுமில்லை. அடங்கிவிட்டாள் என்று எண்ணினார். அடங்கியது மகிழ்ச்சியாகவும், பின்னர் ஆண்டுகள் செல்லச் செல்ல உறுத்தலாகவும் இருந்தது. பக்கத்தில் அமர்ந்தும் அவள் எங்கோ இருப்பதாகப் பட்டது. ஒருமுறை கேட்டும் விட்டார்: “என் மேல கோவமா?”

“எதுக்கு?” என்று சிரித்தாள் அவள். “நாமதான் தெனம் நல்லாப் பாடிக்கிட்டு வர்றோமே.”

நாம். அந்தச் சொல்லை அவர் எடைபோட்டுப் பார்க்கவில்லை. கணவன் செய்ததையெல்லாம் தன்னையும் சேர்த்துச் சொல்வது அவள் தலைமுறைப் பெண்களின் பேச்சு வழக்கு. அவர் பணியிலிருந்தபோது, “நாங்க இன்ஸ்பெக்டரா இருக்கோம்” என்று அண்டை வீட்டாரிடம் சொன்னவள்தானே! கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம், “இன்னைக்கு நாம பாடினது ரொம்ப நல்லா இருந்துச்சு” என்பாள். ஆம் என்று தலையசைத்துவிட்டு அவர் தம் குரலை நினைத்துக்கொள்வார்.

“ஓட்டுறவரு குரல செவி முழுங்காது, அத மொதல் நாளே பதிஞ்சு வச்சுக்கும்,” என்றாள் ஹாஜிரா மெதுவாக. “பக்கத்துல இருக்கிறவங்க பேச்சும் முழுங்காது, பேச்சு தெனம் ஒரே மாதிரி வராது பாருங்க. ஆனா தெனம் ஒரே நேரத்துல, ஒரே தாளத்துல, எஞ்சின் சுருதியோட சேந்து, மெல்லமா ஒரு ஓசை வந்தா… அது மனுஷின்னு இதுக்கு எப்படித் தெரியும்? எஞ்சின்ல ஒரு பாகம்னு நெனைச்சிருக்கும்.”

“அப்ப அவ…”

“நிறுத்தலங்கய்யா. அவங்க குரல் அவங்களுக்குக் கேட்டிருக்கும், உங்க காதுக்குத்தான் வரல.”

மீண்டும் அவர் திட்டாததால், தன் கணவர் இசைந்துவிட்டார் என்று அவள் நம்பியிருக்கிறாள். கேளாததால், அவள் அடங்கிவிட்டாள் என்று அவர் நம்பியிருக்கிறார். ஒரு முழ அகலத்தில் பதினோரு ஆண்டுகள். வாகீசம் தேநீரை எடுத்தார்; குடிக்காமல் வைத்தார். அளவில் குற்றம் காண்பதே தொழிலாயிருந்த மனிதர், தம் பக்கத்துத் தட்டில் இருந்ததை ஒருநாளும் நிறுக்கவில்லை.

*

கதவின் உள்தகட்டை ஹாஜிரா கழற்றினாள். ஒலிபெருக்கி வெறுமனே தெரிந்தது. “தகடு அதிர்றதாலதான் உறுமல். இப்பக் கொஞ்சம் தெளிவாக் கேக்கலாம். காதுக்கு அலையும் எதிர் அலையும் ஒண்ணுதாங்கய்யா, வித்தியாசம் தெரியாது.”

“நான் பாடட்டுமா?” என்றார் அவர். ஒன்பது மாதத்துக்கு மேலாகப் பாடாத தொண்டை.

கேட் கடந்தது. முதற்பாட்டில் குரல் உடைந்தது. மூன்றாம் பாட்டில் பண் கைகூடியது. தர்ஷினி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தாள். ஆறாம் பாட்டின் ஈற்றடி முடிந்ததும் அவர் வாயை மூடினார்.

வந்தது. கதவின் வயிற்றிலிருந்து, அவர் முழங்காலருகே. தர்ஷினிக்கு அது எஞ்சின் முனகலாகவே கேட்டது. ஹாஜிராவுக்குச் சுருதியாகக் கேட்டது. வாகீசத்திற்கு அந்த மூச்சு தெரிந்தது. ஒவ்வோர் அடியின் முடிவிலும் சிறிதே இளைத்து நின்று, மீண்டும் தொடரும் மூச்சு. தையல்நாயகியின் ஆஸ்துமா மூச்சு.

பின் வேறொன்றும் தெரிந்தது. அவர் விரல்கள் தொடையில் தாமாகவே எண்ணத் தொடங்கின. இது வெறும் இழுவையன்று. நெடில் வரவேண்டிய இடத்தில் நீண்டது, குறில் இணைந்து வரும் இடத்தில் குதித்தது, சீர்தோறும் துண்டுபட்டது. நேர், நிரை, நேர். நான்கடி. முன்னும் பின்னும் உள்ள பாட்டுகளின் யாப்பு ஓர் அசையும் பிசகாமல் அதில் நின்றது. அவள் முனகவில்லை, பாட்டு ஒன்றைக் கட்டியிருக்கிறாள். காணாமற்போன ஏழாம் பாட்டின் இருக்கையில் தன் பாட்டை அமர்த்தி, நாள்தோறும் பாடியிருக்கிறாள்.

“வார்த்தை!” என்று அவர் கதவைத் தடவினார். “வார்த்தை கேக்கலியே. ஹாஜிரா, வார்த்தைய எடுத்துக் குடு.”

“இல்லங்கய்யா. வண்டிக்குள்ள பேசுறத எதுவும் பதியக்கூடாதுன்னு அப்பவே சட்டம். செவி வார்த்தைய வாங்கிக்காது. அடி ஓசையத்தான் வாங்கிக்கும்.”

ஹாஜிரா தன் போனில் அதைப் பிடித்துப் பார்த்தாள். பட்டறையின் பெரிய ஒலிபெருக்கியில் போட்டும் காட்டினாள். அந்த வண்டியின் உடம்பை விட்டு வெளியே வந்தால் அது மாவுமில் இரைச்சலாகிவிட்டது. மூச்சு இல்லை, அசை இல்லை.

வாகீசம் வீட்டுக்குப் போய் அவளுடைய பெட்டியைத் தேடினார். மருந்துச் சீட்டுகளும் பால் அட்டைகளும் இருந்தன. பாட்டு எழுதிய தாள் இல்லை. எழுதியிருக்கத் தேவையில்லை, பாடிக் கேட்பிக்க ஆள் பக்கத்திலேயே இருப்பதாக அல்லவா எண்ணியிருந்தாள்.

*

மறுநாள் பட்டறையில் தர்ஷினி அவருக்காகக் காத்திருந்தாள்.

“வண்டிய நீங்களே வச்சுக்குங்கய்யா. எனக்கு மனசு வரல. வேற எதாவது பாத்துக்கறேன்.”

“வேற எது?”

வேறு எதுவும் இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

“பாப்பா இப்ப எப்படி இருக்கு?”

“வாசப்படி தாண்ட மாட்டேங்குறா. காதுல துணியச் சுத்திக்கிட்டு மேசைக்கடியில உக்காந்திருக்கா.”

வாகீசம் ஹாஜிராவைப் பார்த்தார். “செவிக்கு இத மறக்க வைக்க முடியுமா?”

“கம்பெனி இருந்தா ஒரு நொடி வேலை. இப்ப வழி ஒண்ணுதான்,” என்று அவள் திருப்புளியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தேவைக்கு மேல் துடைத்தாள். “பதிஞ்சு வச்ச குரல் கேக்கிறப்பதான் அது பாடம் படிக்கும். மத்த நேரமெல்லாம் படிச்சத ஒப்பிக்கும். நீங்க ஏறி, ஆறு பாட்டுப் பாடி, ஏழாவது எடத்துல வண்டிக்குள்ள யாரும் மூச்சு விடாம இருந்தா, சத்தம் வரலன்னு அதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் புரியும். ஒவ்வொரு தடவையும் கொறையும். உங்களத் தவிர வேற யாராலயும் முடியாது.”

“எத்தனை தடவை?”

“முப்பது ஆகலாம். ஐயா, செய்யணும்னு கட்டாயம் இல்ல. நீங்க பொய் சொல்லலன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. இதுக்கு மேல உங்க மேல குத்தம் இல்ல.”

“குறை உள்ள பொருள வித்தேன். குறை எங்கேருந்து வந்ததுன்னா கேப்பாங்க?” அவர் குரல் பழைய ஆய்வாளரின் குரலாயிற்று. பிறகு அதுவும் தளர்ந்தது. “அந்தக் கொழந்தைக்கு இது சத்தம்தானேம்மா. அவளுக்கு இது தையல்நாயகி இல்ல.”

வாகீசத்திற்கு மூடநம்பிக்கைகள் இல்லை. இறந்தவர் இயந்திரத்தில் உறைவர் என்று அவர் நம்பவில்லை. ஆயினும் முதல் நாள் அந்த இருக்கையில் ஏறும்போது, ஒருவரை வழியனுப்பும்போது சொல்வதுபோல், “போயிட்டு வா” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

*

நாளுக்கு இருமுறை ஓட்டினார்கள். தர்ஷினி வேலைக்குப் போகுமுன் ஒன்று, வந்தபின் ஒன்று. ஹாஜிராவின் கருவியில் ஓர் எண் ஒளிரும். நூறில் தொடங்கியது. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றொன்று, எண்பத்துநான்கு. தம் வாழ்நாளெல்லாம் அளவைக் குறைத்தவர்களைத் தண்டித்தவர், பக்கத்தில் அமர்ந்து குறைவதைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒவ்வோர் ஓட்டத்திலும் சொற்களுக்காகச் செவி சாய்த்தார். இரண்டாம் அடியின் மூன்றாம் சீர் ‘ஆற்றினாய்’ ஆக இருக்குமோ? அசை பொருந்தியது. ‘மாற்றினாய்’ என்பதும் பொருந்தியது. ‘கேட்டிலாய்’ என்பதும் பொருந்தியது. பொருந்தாத சொல்லை நீக்கலாம்; பொருந்துகின்ற ஆயிரம் சொற்களில் அவளுடையது எது என்று யார் சொல்ல வல்லார்? பாட்டின் தலைவன் இறைவனா, பக்கத்தில் அமர்ந்து வண்டி ஓட்டிய மனிதனா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

எண் அறுபதுக்கு இறங்கியிருந்த ஒருநாள், ஆறாம் பாட்டு முடிந்ததும் தர்ஷினி தும்மிவிட்டாள். எண் மூன்று புள்ளி ஏறிற்று. “மன்னிச்சுக்குங்கய்யா!” என்று பதறினாள். வாகீசம் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அது ஒன்றே. “பரவால்லம்மா. நாளைக்கும் தும்மு.”

நாற்பதில் உறுமல் மூச்சாயிற்று. இருபதில், அது வருகிறதா, நினைவுதான் வருகிறதா என்று அவரால் பிரிக்க இயலவில்லை. பத்துக்குக் கீழே அவர் குனிந்து, கதவில் காதை வைத்துக் கேட்டார். ஹாஜிரா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள்.

முப்பத்துமூன்றாம் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி வெயில் வயல்நீரில் படிந்திருந்தது. முந்தைய எண் ஒன்று. கிளம்புமுன் ஹாஜிரா கேட்டாள்: “இன்னைக்கோட போயிடும்யா. வேணும்னா நாளைக்கு வச்சுக்கலாம்.”

“நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குதாமே,” என்றார் அவர்.

கேட் கடந்தது. அவர் பாடினார். அன்று குரல் எங்கும் தடுக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. வரப்பில் நின்ற கொக்குகள் பின்னால் போயின. நான்கு, ஐந்து. ஆறாம் பாட்டின் ஈற்றடியை நீட்டாமல், சுருக்காமல், உள்ளபடி முடித்து வாய்மூடினார்.

வண்டிக்குள் எதுவும் இல்லை. எஞ்சின் இல்லை, காற்று இல்லை, கதவின் வயிற்றில் எதுவும் இல்லை. பதினோரு ஆண்டுகளாக அவர் அமைதி என்று எண்ணியிருந்ததன் மெய்யான வடிவத்தை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்.

ஹாஜிராவின் கையில் எண் மாறியது. “பூஜ்யம்,” என்றாள், உதடு அசைய, ஓசையின்றி.

தர்ஷினி அரை நிமிடம் பொறுத்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கண்ணீர் வடிய, “போயிடுச்சுங்கய்யா! ஒண்ணுமே கேக்கல!” என்று திரும்பினாள். “எட்டாவது பாட்டுப் பாடுங்க, முடிச்சிடலாம்.”

வாகீசம் கையை உயர்த்தினார். அவருடைய மற்றொரு கை தொடையில் இன்னும் சீர்களை எண்ணிக்கொண்டிருந்தது.

“பொறும்மா,” என்றார். “அவ இன்னும் கடைசி அடி முடிக்கல.”

தர்ஷினி சாலையைப் பார்த்தாள். வேகத்தைக் கூட்டாமல், குறைக்காமல், ஐம்பதிலேயே ஓட்டினாள்.